புழுக்கமும் ஏர்கானும்: நம்ம தோலுக்கு என்ன பூசுவது, எவ்வளவு பூசுவது? (விவாத இழை)

செங்காங் செல்வி

"முகத்துக்கு எந்த சீரம் நல்லது?" என்ற கேள்வி இங்கே வாரத்துக்கு நாலு தடவை வருது, பதிலும் நாலு திசையில போகுது. எல்லாத்தையும் ஒரே இடத்துல பேசிடலாம்னுதான் இந்த இழை. கொரிய வீடியோவில் காட்டுற பத்துப் படி முகப் பராமரிப்பு ஒரு பக்கம், குளிர் நாட்டுக்காரங்க சிபாரிசு செய்ற கெட்டி கிரீம் ஒரு பக்கம், ஊர்ல இருந்து பெட்டியில வர்ற மஞ்சள் பொடி ஒரு பக்கம். இதுல எது சிங்கப்பூருக்குச் சரிவரும்? வெளியே புழுக்கம், ஆபீசுக்குள்ள எட்டு மணி நேரம் ஏர்கான். நம்ம தோலோ, பரு போனாலும் அதோட கறுப்பு போகாத தோல். பிராண்டு பேரை மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க. எவ்வளவு, எப்போ, ஏன்னு எழுதுங்க.

மருந்தக மல்லி

முதலில் அடிப்படை. முகத்துக்கு வேண்டியது மூன்றே பொருள்: கழுவ ஒன்று (கிளென்சர்), ஈரம் காக்க ஒன்று (மாய்ஸ்சரைசர்), வெயிலுக்கு ஒன்று (சன்ஸ்கிரீன்). இந்த மூன்றும் சரியாக அமையாமல் அறுபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து சீரம் வாங்கினால் காசுக்குத்தான் கேடு.

காலையில் எண்ணெய் வழியும் முகத்துக்கு மட்டும்தான் கிளென்சர் தேவை. வறண்ட சருமக்காரர்கள் வெறும் தண்ணீரில் கழுவினாலே போதும். கிளென்சரைக் கையில் தண்ணீரோடு குழைத்து, முகத்தில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை விரல் நுனியால் தேய்த்துக் கழுவுங்கள். ஹீட்டர் ஷவரை நேரே முகத்தில் விடாதீர்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கழுவி முடித்ததும் முகம் இழுத்துப் பிடித்தாற்போல இருந்தால் "சுத்தமாயிடுச்சு" என்று அர்த்தமில்லை. அந்தக் கிளென்சர் உங்களுக்குக் கடுமை, அவ்வளவுதான்.

மாய்ஸ்சரைசர்: காலையில் எண்ணெய்ச் சருமத்துக்குத் தனியாகத் தேவையே இல்லை என்பது என் கருத்து. இங்கே கிடைக்கும் பெரும்பாலான சன்ஸ்கிரீன்களிலேயே கிளிசரின் போன்ற ஈரம் காக்கும் பொருட்கள் இருக்கின்றன. இரண்டையும் மேலுக்கு மேல் பூசினால் பதினொரு மணிக்குள் முகம் வழுக்கும், பிறகு சன்ஸ்கிரீனையே நிறுத்திவிடுவார்கள். இரவில் மெல்லிய ஜெல் வகை பூசினால் போதும். நாள் முழுக்க ஏர்கானில் இருந்து கன்னம் உரிபவர்களுக்கு செராமைடு (தோலில் இயல்பாக உள்ள கொழுப்பு) சேர்ந்த லோஷன் நல்லது. முகம் சற்று ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும்.

சன்ஸ்கிரீன் அளவில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு) எண்ணைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அளக்கிறார்கள். வீட்டில் நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதியோ கால்வாசியோதான். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய சரியான அளவு. ஒரே தடவையில் பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு விரல் அளவைப் பூசி, ஒரு நிமிடம் விட்டு மற்றதைப் பூசுங்கள். காது, பின்கழுத்து, வகிடு இவற்றை மறக்காதீர்கள். இந்த அளவில் 50 மில்லி டியூப் ஒன்றரை மாதத்துக்கு மேல் வரக்கூடாது. ஆறு மாதம் வருகிறதென்றால் அளவு போதவில்லை.

வேதிமணி

மல்லி சொன்னதற்கு ஒரு சேர்க்கை. எஸ்பிஎஃப் 30 என்பது யூவிபி என்ற புறஊதாக் கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 என்பது சுமார் 98. தாளில் வித்தியாசம் சொற்பம்தான். ஆனால் எல்லாரும் குறைவாகவே பூசுவதால் 50 வாங்குவது புத்திசாலித்தனம். நம்மைக் கறுக்கவைப்பதில் பெரும்பங்கு யூவிஏ என்ற இன்னொரு புறஊதாக் கதிருக்கு உண்டு. அது ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும், மேகம் மூடிய நாளிலும் வரும். அதற்கான குறிதான் பிஏ. கூட்டல் குறி நான்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பெட்டியின் பின்பக்கம். உட்பொருள் பட்டியலில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் இருப்பவை அளவு வரிசையில் இறங்கிவரும். ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பாதுகாப்புப் பொருள் பெரும்பாலான கிரீம்களில் இருக்கும். அதற்கு உச்ச வரம்பே ஒரு விழுக்காடுதான். ஆக, விளம்பரத்தில் கொண்டாடுகிற குங்குமப்பூ சாறோ முத்துப் பொடியோ அதற்குப் பின்னால் வந்தால், அது பேருக்குச் சேர்த்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) மாதிரி சிறிய அளவிலேயே வேலை செய்பவை இதற்கு விலக்கு.

தோபாயோ துரை

எல்லாம் சரி. எங்க பாட்டி காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? பயத்தம்பருப்பு மாவு, கஸ்தூரி மஞ்சள், தேங்காய் எண்ணெய். அவங்க தோல் எண்பது வயசிலும் பளபளன்னு இருந்துச்சு. தேக்கா கடைத்தெருவுல எல்லாமே கிடைக்குது. எதுக்கு இந்த ரசாயனம்?

வேதிமணி

துரை அண்ணே, தண்ணீரும் ரசாயனம்தான், அதை விடுங்கள். நீங்கள் சொன்ன மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

பயத்தமாவு உடம்புக்கு நல்ல பொருள். குளியல் சோப்புக் கட்டியின் பிஎச் (அமில, கார அளவு) 9 முதல் 10 வரை, தோலின் பிஎச் ஏறக்குறைய 5. அந்த விதத்தில் மாவு சோப்பைவிட மென்மையானது. ஆனால் மாவு நைசாக இருக்க வேண்டும். துணியில் சலித்த மாவுதான் முகத்துக்கு ஆகும். கொரகொரப்பான நலங்கு மாவைப் பருவின் மேல் தேய்த்தால் பரு உடையும், கறுப்பு நிற்கும். குழைத்ததை உடனே பயன்படுத்துங்கள். மிச்சத்தை மூடி வைத்தால் இந்த வெக்கைக்கு ராத்திரிக்குள் கிருமி வளரும். கஸ்தூரி மஞ்சள் சிலருக்கு ஒவ்வாமை தரும், முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் வறண்ட கை காலுக்கு நல்லதே. பரு உள்ள முகத்துக்கு ஆகாது. தலையில் வழிய வழிய தேய்த்து, அது நெற்றிக்கு இறங்கினால் மயிர்க்கோட்டை ஒட்டிப் பொடிப்பொடியாகக் கிளம்பும்.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை, இந்த மூன்றும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம். எலுமிச்சையின் பிஎச் 2 அளவில் இருக்கும். அதைத் தடவி வெயிலில் போனால், அதிலுள்ள சில பொருட்கள் யூவிஏவோடு சேர்ந்து தோலைப் பொசுக்கிக் கரும்பட்டையாக விட்டுவிடும். பச்சை எலுமிச்சையில் இது இன்னும் அதிகம்.

இந்த இழையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: மாநிறம், கருநிறத் தோலில் எந்த எரிச்சலும் கறுப்பாகத்தான் முடியும். வெள்ளைக்காரத் தோல் சிவந்து ஆறிவிடும், நமக்கு அது மாதக்கணக்கில் நிற்கும். அதனால்தான் 'எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்' என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஜூரோங் ஜமுனா

கறுப்புன்னு வந்ததால கேக்குறேன். கன்னத்துல பரு வந்த இடம் ஒரு கறுப்பு. கன்ன எலும்பு மேல ரெண்டு பக்கமும் பழுப்பா படர்ந்தது ஒரு கறுப்பு. கழுத்துல அழுக்கு மாதிரி ஒரு கறுப்பு. மூணுக்கும் ஒரே வைட்டமின் சி போதுமா?

மருந்தக மல்லி

மூன்றும் வேறு வேறு, மருந்தும் வேறு.

பரு வந்த இடத்துக் கறுப்பு: வீக்கம் ஆறிய பின் அதே இடத்தில் நிறமி கூடுவதால் வருவது. புதிய பரு வராமல் தடுப்பதுதான் முதல் மருந்து. பருவை நிறுத்தாமல் கறுப்பைத் துரத்துவது வீண். அசெலாயிக் அமிலம் இரண்டுக்கும் உதவும்: பருவையும் குறைக்கும், நிறமியையும் குறைக்கும். கடை சீரங்களில் 10 விழுக்காடு, மருந்து வகையில் 15, 20. முதல் இரண்டு வாரம் லேசான அரிப்பு இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்குங்கள். கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக டாக்டர்கள் அனுமதிக்கும் பொருள் இது. நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) 4, 5 விழுக்காடும் துணைக்கு நல்லது. 10 விழுக்காடு வாங்கினால் பலன் இரட்டிப்பாகாது, சிலருக்கு முகம் சிவக்கும். மேலோட்டமான கறுப்பு மங்கவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். சாம்பல் நீலமாகத் தெரிவது ஆழத்தில் இருப்பது, அதற்கு இன்னும் நாளாகும்.

கன்ன எலும்பு, நெற்றி, மேலுதடு என இரு பக்கமும் சமமாகப் படர்வது மங்கு. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, வெயில், பரம்பரை, எல்லாம் சேர்ந்து வருவது. மங்குக்குச் சாதாரண சன்ஸ்கிரீன் பாதிதான் உதவும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதைக் கிளறும். இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் உள்ள சன்ஸ்கிரீன் வாங்குங்கள். வெள்ளையாகப் பூத்து நிற்கிற தொல்லையும் அதில் இல்லை. ஹைட்ரோகுவினோன் என்ற நிறம் குறைக்கும் மருந்து டாக்டர் சீட்டோடு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். கணக்கில்லாமல் வருடக்கணக்கில் பூசினால் நீலம் கலந்த கருமை படிந்து, முன்னைவிட மோசமாகிவிடும். மங்கு முற்றிலும் போய்விடும் என்று யாரும் உறுதி தர முடியாது. அடக்கி வைக்கலாம். லேசரும் அப்படித்தான், சரியான கையில் இல்லாவிட்டால் கூடுதலாகக் கறுக்கும்.

கழுத்துக் கறுப்பு வெல்வெட் துணி போலத் தடித்து, அக்குளிலும் இருக்கிறதா? அப்படியானால் அது அழுக்கே இல்லை. இன்சுலின் எதிர்ப்பின் (உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலை) அறிகுறியாக இருக்கலாம். பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். அரசு பாலிகிளினிக்கில் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வதுதான் முதல் வேலை. உடல் எடை கூடுதலாக இருந்து குறைந்தால் கறுப்பும் தானே குறையும். சீரம் எதுவும் அந்தக் காரணத்தைத் தொடாது.

சிராங்கூன் ஷகிலா

மல்லி, நெற்றியில் பொட்டு வைக்கிற இடத்தைப் பற்றியும் சொல்லுங்கள். கடையில் மேக்கப் போடும்போது அடிக்கடி பார்க்கிறேன்.

மருந்தக மல்லி

நல்ல நினைவூட்டல். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் வகைப் பொருள் இருந்தால், சிலருக்கு அந்த இடத்தில் நிறமியே அழிந்து வட்டமாக வெளுக்கும். வெளுப்பு தெரிந்த அன்றே நிறுத்த வேண்டும். இடம் மாற்றி ஒட்டுவது தீர்வல்ல, புதிய இடமும் வெளுக்கும். குங்குமத்தில் நேர் எதிர்: அதில் கலக்கும் சாயங்களால் அரிப்பும் கறுப்பும் வரும். நெற்றி ஓரம், காது, கழுத்து எல்லாம் அரித்துக் கறுத்தால் தலைமுடிச் சாயத்தைச் சந்தேகியுங்கள். பிபிடி என்ற பொருள்தான் வழக்கமான குற்றவாளி. கடகடவென்று கறுக்கும் 'கருப்பு மருதாணி'யிலும் அதுவே. தூய மருதாணி ஒருபோதும் ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்காது.

பூன்லே பரணி

ஆம்பளைங்க பக்கமும் வாங்க. என்எஸ் (கட்டாய தேசிய சேவை) பசங்க கேக்குற கேள்வி மூணு: முகத்துல பூசுற உருமறைப்பு கேமோ கிரீம் எப்படி எடுக்குறது, ஹெல்மெட் வார் படுற தாடையில பரு, ஷேவ் பண்ணினா கழுத்துல முள்ளு முள்ளா கிளம்புறது.

கேமோ மெழுகும் எண்ணெயும் கலந்தது. சோப்பு போட்டு ஸ்க்ரப்பால தேய்ச்சா தோல்தான் உரியும். உலர்ந்த முகத்துல, உலர்ந்த கையால கிளென்சிங் ஆயில் தடவி ஒரு நிமிஷம் உருட்டுங்க. கொஞ்சம் தண்ணி சேர்த்தா பால் மாதிரி வெளுக்கும். அதுக்கப்புறம் கழுவி, சாதாரண கிளென்சர் ஒரு தடவை. முதல்லயே முகத்தை நனைச்சுட்டா எண்ணெய் வேலை செய்யாது. இதே முறைதான் மேக்கப்புக்கும், தண்ணியில கரையாத சன்ஸ்கிரீனுக்கும். மேக்கப் இல்லாத நாள்ல ரெண்டு தடவை கழுவத் தேவையில்ல.

வார் பரு உராய்வாலயும் வேர்வையாலயும் வர்றது. வாரைத் தினமும் துடைங்க. பென்சாயில் பெராக்சைடு 2.5 விழுக்காடு ஜெல் ராத்திரில மெல்லிசா, பரு வர்ற பகுதி முழுக்கப் பூசணும், வந்த பருவுல மட்டும் புள்ளி வைக்கிறது போதாது. 5, 10 விழுக்காடு வேகமா குணமாக்காது, எரிச்சல்தான் கூடும். இன்னொண்ணு, அது துணிய வெளுக்கும். வெள்ளைத் தலையணை உறை போட்டுக்குங்க.

ஷேவ் முள்ளு சுருட்டை முடி உள்ளவங்களுக்கு அதிகம். முடி உள்ளேயே வளைஞ்சு குத்துது. குளிச்சு முடிச்சு முடி ஊறின பிறகு, முடி வளர்ற திசையிலயே ஒரு இழுப்பு. தோலை இழுத்துப் பிடிச்சு ஷேவ் பண்ணாதீங்க, ஒரே இடத்துல நாலு தடவை ஓட்டாதீங்க. அனுமதி இருந்தா டிரிம்மர் வெச்சு அரை மில்லி விட்டுடறதே மேல்.

தோபாயோ துரை

பரணி, நெற்றியிலயும் முதுகுலயும் ஒரே அளவுல சின்னச் சின்னதா, அரிப்போட வர்றதுக்கும் அந்த ஜெல்தானா? ரெண்டு மாசமா பருவுக்குக் குடுத்த ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் போகலன்னு ஒருத்தர் சொல்றார்.

மருந்தக மல்லி

அரிப்பு, ஒரே அளவு, ஆன்டிபயாடிக்கில் அடங்காதது, இந்த மூன்றும் சேர்ந்தால் அது பெரும்பாலும் பரு அல்ல. மயிர்க்கால்களில் மலசேசியா என்ற பூஞ்சை பெருகுவது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் சில சமயம் கூடவே செய்யும். இந்த ஊர் வேர்வையில் ரொம்ப சகஜம். கரும்புள்ளி, வெண்புள்ளி, பெரிய கட்டி என்று கலந்து வந்தால்தான் பரு.

பூஞ்சையைக் கொல்லும் கீட்டோகோனசோல் 2 விழுக்காடு ஷாம்பூவை அந்த இடத்தில் தடவி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுவது வழக்கமான முதல் படி. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தில் உடம்பைவிட எரிச்சல் தரும். தேங்காய், ஆலிவ் எண்ணெய்களை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும், அவற்றின் கொழுப்பு அமிலங்கள்தான் அந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடு. ஓடிவிட்டு, ஈர டீ ஷர்ட்டோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பதையும் நிறுத்துங்கள்.

தேமலும் அதே குடும்பம். மார்பு, முதுகு, புஜத்தில் வெளிறிய திட்டு, சுரண்டினால் மாவு போல உதிரும். அதே ஷாம்பூ, தினம் ஒரு தடவை, ஐந்து நாள் வரை. பூஞ்சை செத்த பிறகும் வெளுப்பு மாதக்கணக்கில் இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி தேய்க்க வேண்டியதில்லை. சுரண்டினால் உதிர்கிறதா என்பதைப் பாருங்கள், உதிராவிட்டால் நிறம் திரும்பக் காத்திருங்கள்.

தோபாயோ துரை

படர்தாமரைக்கு? ஊர்ல பத்து ரூபாய்க்கு ஒரு டியூப், ரெண்டே நாள்ல அரிப்பு நிக்குது. இங்க வரும்போது எல்லாரும் டஜன் கணக்குல வாங்கிட்டு வர்றாங்க.

மருந்தக மல்லி

அந்த டியூப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பு நிற்பது ஸ்டீராய்டால். அதே ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைத் தூங்கவைப்பதால் பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவுகிறது. நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பும். படர்தாமரைக்குரிய வளைய ஓரமும் அழிந்துபோவதால் டாக்டருக்கே அடையாளம் காண்பது கஷ்டமாகிவிடும்.

பூஞ்சை மருந்து மட்டும் உள்ளதை வாங்குங்கள். குளோட்ரிமசோல் என்றால் இரண்டு முதல் நான்கு வாரம், டெர்பினஃபின் என்றால் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம். வளையத்துக்கு வெளியேயும் இரண்டு சென்டிமீட்டர் பூச வேண்டும், பூஞ்சை அங்கேதான் முன்னேறுகிறது. துண்டு, உள்ளாடை வீட்டில் யாரோடும் பகிரக்கூடாது. மூங்கில் கம்பத்தில் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். தலை, நகம் இரண்டுக்கும் பெரும்பாலும் பூசும் மருந்து பத்தாது, மாத்திரை வேண்டும்.

முகத்துக்கு 'சிவப்பழகு' கிரீம் என்று வருவதிலும் இதே கதை. ஒரு வாரத்தில் முகம் வெளுத்து மினுங்கினால் சந்தேகப்படுங்கள். உள்ளே ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன் அல்லது பாதரசம் இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பூசுபவர் மட்டுமல்ல, கட்டிப்பிடிக்கும் குழந்தைக்கும் அது போகும். பட்டியலில் 'கலோமெல்', 'மெர்குரி' என்று எதைக் கண்டாலும் குப்பையில் போடுங்கள். பட்டியலே இல்லாத டப்பாவும் அதே கணக்குதான். சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் இப்படிப்பட்ட கிரீம்களைப் பற்றி அவ்வப்போது எச்சரிக்கை வெளியிடுகிறது. இங்கே விற்கும் அழகுப் பொருளை விற்பனைக்கு முன் ஆணையத்திடம் பதிந்திருக்க வேண்டும். ஆனால் பதிந்திருப்பதாலேயே 'ஆணையம் சோதித்து ஒப்புதல் தந்தது' என்று ஆகாது.

வருடக்கணக்கில் ஸ்டீராய்டு கிரீம் பூசியவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தாதீர்கள். முகம் சிவந்து எரியும், கொத்தாகப் பரு வரும். டாக்டர் மேற்பார்வையில் இறக்க வேண்டும்.

சிராங்கூன் ஷகிலா

சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும் என்கிறார்களே, மேக்கப் மேல் எப்படி என்று பலர் கேட்கிறார்கள்.

அந்த இரண்டு மணி நேரக் கணக்கு வெளியில் நிற்பவர்களுக்கு. ஆபீசுக்குள் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்காருபவர் காலையில் நிறையப் பூசி, மதியச் சாப்பாட்டுக்கு வெளியே இறங்குமுன் ஒரு தடவை பூசினால் போதும். தேசிய சுற்றுப்புற வாரியம் காலை 7 முதல் மாலை 7 வரை மணிக்கு மணி யூவி அளவு வெளியிடுகிறது. 3ஐ எட்டினாலே பாதுகாப்பு வேண்டும். மேகமில்லாத நண்பகலில் இங்கே 11ஐத் தாண்டுவதும் உண்டு. அப்போது குடை எந்த கிரீமுக்கும் குறைந்ததில்லை.

மேக்கப் மேல் பூச: முதலில் டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றுங்கள். சன்ஸ்கிரீனை ஸ்பாஞ்சில் எடுத்து அழுத்தி அழுத்தி ஒற்றுங்கள், இழுக்காதீர்கள். குஷன் (ஸ்பாஞ்சில் ஊறி டப்பாவில் வருவது) வகை வசதி. பவுடர், ஸ்ப்ரே இரண்டையும் மட்டும் நம்பக்கூடாது, தேவையான அளவு படிவதே இல்லை.

பூசினதும் உருண்டு உருண்டு உதிர்கிறதா? சிலிக்கோன் அதிகம் உள்ள பிரைமரும் (மேக்கப்புக்கு அடியில் பூசுவது) தண்ணீர்த்தன்மை உள்ள சீரமும் ஒத்துப்போகாததால் வருவது. அடியில் பூசுகிற அடுக்கைக் குறையுங்கள், நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். அப்பவும் உதிர்ந்தால் இரண்டில் ஒன்றை மாற்றத்தான் வேண்டும்.

ஐந்து வேளைத் தொழுகைக்கு ஒளு (முகம், கை, கால் கழுவுதல்) செய்பவர்களுக்கு: முகம் பல தடவை நனைவதால் வறட்சி வரும், சன்ஸ்கிரீனும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். லுஹருக்கு (நண்பகல் தொழுகை) பிறகு முழு அளவு மறுபடி பூசிவிட்டால், அடுத்த ஒளுவுக்குள் மதிய வெயில் அடங்கிவிடும். கிளென்சரை இரவு ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செங்காங் செல்வி

ரெட்டினால், சாலிசிலிக், வைட்டமின் சி, எதை எதோட சேர்க்கலாம்? நியாசினமைடும் வைட்டமின் சியும் சேரவே கூடாதாமே?

வேதிமணி

அது பழைய பயம். இன்றைய தயாரிப்புகளில் இரண்டையும் சேர்த்துப் பூசலாம். உண்மையான மோதல் வேறு இடத்தில்: பென்சாயில் பெராக்சைடு, ரெட்டினால் குடும்பத்து மருந்தான ட்ரெட்டினோயினைச் சிதைக்கும். ஒன்று காலை, ஒன்று இரவு. அதே குடும்பத்து அடாபலீனுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும், அதனால் துளைக்குள் இறங்கும். கரும்புள்ளி, வெண்புள்ளிக்கு 2 விழுக்காடு, வாரம் இரண்டு மூன்று தடவை. ரெட்டினால் பூசும் இரவில் அமிலம் எதுவும் வேண்டாம்.

ரெட்டினால் தொடங்கும் முறை: முகம் கழுவி நன்றாக உலர்ந்த பிறகு, பட்டாணி அளவு, முழு முகத்துக்கும் அவ்வளவே. கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதட்டு ஓரம் விட்டுவிடுங்கள். வாரம் இரண்டு இரவு, ஒரு மாதம் பொறுத்துக் கூட்டலாம். உரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், பிறகு ரெட்டினால், மேலே மறுபடி மாய்ஸ்சரைசர். முதல் நான்கு முதல் ஆறு வாரம் பரு கூடுவது உண்டு. வழக்கமாக வராத இடத்தில் வந்தாலோ, எரிந்து சிவந்தாலோ அது வேறு, நிறுத்துங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் ரெட்டினால் குடும்பம் முழுவதையும் தவிர்க்க வேண்டும்.

புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று. காதின் பின்புறமோ முழங்கை மடிப்போ, ஒரே இடத்தில் தினம் இரு தடவை, ஒரு வாரம். ஒரே நாளில் மூன்று புதுப் பொருளைத் தொடங்கி முகம் வெடித்தால் எதை நோவது? பரு மருந்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுக்காமல் 'வேலைக்காகாது' என்று எழுதவும் வேண்டாம்.

வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது, முகம் பிளாஸ்டிக் போல மினுங்குகிறது என்றால் தோலின் மேலடுக்கு கெட்டுவிட்டது. எல்லா சீரத்தையும் நிறுத்தி, மணமில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் இரண்டோடு நான்கு வாரம் இருங்கள். யாருக்கும் இந்த அறிவுரை பிடிப்பதில்லை.

ஜூரோங் ஜமுனா

பிள்ளைங்களுக்கு முழங்கை, முழங்கால் மடிப்புல வர்ற எக்சிமாவுக்கு (வறண்டு அரிக்கிற கரப்பான்) எவ்வளவு பூசணும்? சின்ன டியூப் ரெண்டு நாள்ல தீர்ந்துடுது.

மருந்தக மல்லி

தீரத்தான் வேண்டும். உடம்பு முழுக்க வறட்சி உள்ள குழந்தைக்கு மாய்ஸ்சரைசர் வாரத்துக்கு 250 கிராம் அளவுக்கும் போகும், பெரியவர்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. 500 கிராம் பம்ப் டப்பாதான் கட்டுப்படியாகும். குளித்து ஒற்றிய மூன்று நிமிடத்துக்குள், ரோமம் படிந்திருக்கும் திசையில், தேய்க்காமல். மணம் சேர்ந்தது, 'இயற்கை எண்ணெய்கள்' சேர்ந்தது வேண்டாம். கெட்டியான ஆயின்ட்மென்ட் ஏர்கான் அறையில் இரவுக்கு நல்லது. பகலில் அதைப் பூசி விளையாட விட்டால் வேர்த்து வேர்க்குரு வரும், அரிப்பு இன்னும் கூடும். பகலுக்கு லோஷன், விளையாடி வந்ததும் வேர்வையைக் கழுவி மறுபடி லோஷன்.

டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டுக்கு அளவு இது: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு, அது அரை கிராம். பெரியவரின் உள்ளங்கை இரண்டு, விரல்களோடு சேர்த்து, மூடுகிற பரப்புக்கு அது போதும். மாய்ஸ்சரைசருக்கும் அதற்கும் இருபது நிமிடம் இடைவெளி விடுங்கள். மேலே கள்ளச் சிவப்பழகு கிரீமைத் திட்டியதைப் படித்துவிட்டு இந்த ஸ்டீராய்டுக்கும் பயப்படாதீர்கள். சரியான வலிமையில், சொன்ன நாள் வரை பூசினால் பாதுகாப்பானது. பயந்து அரைகுறையாகப் பூசினால்தான் எக்சிமா இழுத்துக்கொண்டே போகும். மஞ்சள் நிற நீர் வடிந்து பொருக்குத் தட்டினால் கிருமித்தொற்று, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

பூன்லே பரணி

டாக்டர்னதும் ஒரு விஷயம். மண்டலே ரோட்டுல இருக்குற நேஷனல் ஸ்கின் சென்டருக்கு நேரா போனா தனியார் கட்டணம். பாலிகிளினிக் டாக்டர் சீட்டு எழுதி அனுப்பினா சலுகைக் கட்டணம். காத்திருக்க வேண்டி வரும், அதனால தள்ளிப்போடாம சீட்டை முதல்ல வாங்கிடுங்க. குழி விழுற பரு, கட்டி கட்டியா வலிக்கிற பரு, இதுக்கெல்லாம் கடை கிரீம்ல மாசத்தை வீணாக்காதீங்க, தழும்பு நின்னுடும்.

போகும்போது வீட்டுல பூசுறது அத்தனையும், ஊர் டியூப், தலைச்சாயம் உட்பட, ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. 'ஏதோ ஒரு வெள்ளை கிரீம்'னு சொன்னா அவங்களால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. தடிப்பு வந்து வந்து மறையுதுன்னா, இருக்குறப்பவே பகல் வெளிச்சத்துல போன்ல படம் எடுத்து வெச்சுக்குங்க. அன்னிக்கு மேக்கப் வேண்டாம்.

செங்காங் செல்வி

கடைசியா ஒண்ணு. இதெல்லாம் எங்க வைக்கிறது? எங்க வீட்டு பாத்ரூம் ஷெல்ஃப்ல வெச்ச வைட்டமின் சி காப்பி நிறமாயிடுச்சு.

வேதிமணி

அது ஆக்சிஜன் ஏறிக் கெட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள். வெளிர் மஞ்சள் வரை பரவாயில்லை, பழுப்பு ஆகாது. ஹீட்டர் ஓடும் பாத்ரூமும் வெயில் படும் ஜன்னலோரமும் இரண்டு மோசமான இடங்கள். அலமாரி போதும், வைட்டமின் சியை மட்டும் ஃபிரிஜ்ஜில் மூடி இறுக்கி வையுங்கள். பெரிய பாட்டில் வாங்காதீர்கள். டப்பாவின் பின்னால், மூடி திறந்த சின்ன ஜாடிப் படத்துக்குள் 6எம், 12எம் என்று இருக்கும், திறந்த பிறகு எத்தனை மாதம் என்பது அதுதான். திறந்த தேதியை அடியில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். சன்ஸ்கிரீன் டியூப்பைக் காருக்குள் விடாதீர்கள். தண்ணீரும் எண்ணெயுமாகப் பிரிந்து வந்தால், தேதி மிச்சம் இருந்தாலும் அதை நம்பி வெயிலில் இறங்க வேண்டாம்.